குதிரைத்திறனைப் பார்த்தேன், எடையைப் பார்க்கவில்லை

பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதை நான் முதலில் கண்ணால் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த இடத்தில்தான் உணர்ந்தேன். டிராக்டரின் முன்னால் மண் அள்ளுவதற்காகப் பொருத்திய லோடர் வாளியை, ஈர மண் நிறைய, மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, சரிவில் குறுக்காக டிராக்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இருக்கை மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. ஏதோ குழியில் இறங்கிவிட்டோம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், மேட்டுப் பக்கச் சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிகிறது.

கை தானாக லீவரை முன்னால் தள்ளியது. வாளி தரையில் இறங்கியது, சக்கரம் தொப்பென்று கீழே வந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இருக்கை பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாளியை அவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டு திருப்பியது அன்றைய தவறு. ஆனால் பாதித் தவறு அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, டிராக்டரைத் தேர்ந்தெடுத்த அன்றே நடந்துவிட்டது.

எங்கள் நிலம் ஏழு ஏக்கர். உழுது பயிரிடக்கூடிய சமதளம் ஒன்றரை ஏக்கர்தான். மூன்று ஏக்கர் மரங்களும் புல்லுமாக இருக்கும் சரிவு. மீதியில் வீடு, கொட்டகை, சரளைப் பாதை, கடைசியில் தண்ணீர் வடியாத முக்கால் ஏக்கர் பள்ளம். நிலம் வாங்கிய மறு மாதமே டிராக்டர் வாங்கத் துடித்தேன். தடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். “தம்பி, ஒரு வருடம் வாடகைக்குக் கூப்பிடுங்கள். எதற்காகக் கூப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி வையுங்கள். பிறகு வாருங்கள், பேசலாம்” என்றார்.

எழுதி வைத்தேன். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 74 மணி நேரம். அதில் உழவு 11 மணி. புல் வெட்டியது 26. மண், சரளை, எரு சுமந்தது 29. விழுந்த மரத்தை இழுத்தது, குழி தோண்டியது போன்ற சில்லறை வேலைகள் 8. என் கனவில் வந்த டிராக்டர் எப்போதும் உழுதுகொண்டேயிருந்தது. நிலத்துக்குத் தேவைப்பட்டதோ புல் வெட்டவும் மண் சுமக்கவும் ஓர் ஆள். அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் பெரிய உழவு டிராக்டர் ஒன்றை வாங்கி, மரங்களுக்கு நடுவே திருப்ப முடியாமல் நின்றிருப்பேன். முதல் டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் யார் கேட்டாலும், விலைப் பட்டியலைத் தொடுவதற்கு முன் இந்த நோட்டைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

நோட்டு கையில் இருந்ததால் குதிரைத்திறன் கணக்கை ஒழுங்காகவே போட்டேன். ஒரு டிராக்டருக்குக் குதிரைத்திறன் ஒன்றல்ல, மூன்று. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது என்ஜினின் திறன். கருவிகளை ஓட்டுவதற்காகப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு, ஏறத்தாழ 85 சதவீதம். சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கும்போது கொக்கியில் கிடைப்பது அதைவிடவும் குறைவு, அதுவும் மண்ணைப் பொறுத்து மாறும். புல்வெட்டி, சுழல்கலப்பை போன்றவை பி.டி.ஓ.வில் ஓடுபவை. ஆகவே அவற்றுக்கு நடு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். தட்டுப் போல் சுழலும் புல்வெட்டிக்கு அகலத்தில் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. ஐந்தடி வெட்டிக்கு 25. சுழல்கலப்பைக்கு, மண் இறுகியிருந்தால், அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். 35 குதிரைத்திறன் என்ஜின், பி.டி.ஓ.வில் 30 என்று முடிவு செய்தேன். இன்றும் அந்தக் கணக்கில் எனக்குக் குறையில்லை. அங்கேயே நின்றுவிட்டேன் என்பதுதான் குறை.

அறிவிப்பது ஒன்று, கிடைப்பது வேறு என்பது டிராக்டர் பிறந்த காலத்திலிருந்தே இருக்கும் தொல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி, வாங்கிய டிராக்டர்கள் சொன்னபடி உழைக்காமல் அலைக்கழிந்தவர். சட்டமன்ற உறுப்பினரான பிறகு, சோதித்துப் பார்க்காத டிராக்டரை மாநிலத்துக்குள் விற்கக் கூடாது என்ற சட்டம் 1919-இல் வரக் காரணமானவர்களில் ஒருவரானார். 1920 முதல் அங்குள்ள பல்கலைக்கழகம் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அந்த அறிக்கைகளில் குதிரைத்திறனோடு டிராக்டரின் எடையும் இருக்கும். நான் படித்தபோது எடை இருந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

எடை ஏன் முக்கியம் என்பதை ஒரு சாக்குக்கட்டியும் ஒரு பின்சக்கரமும் காட்டிவிடும். டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை நிலத்தில் குறித்துக்கொண்டு, அதே தூரத்தைக் கலப்பையை இறக்கி உழுது கடந்து, மறுபடி சுற்றுகளை எண்ணுங்கள். பதினொன்றோ பதினொன்றரையோ வந்தால் நல்லது. பதின்மூன்று வந்தால், டீசலை எரித்து டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். சுற்றே கூடவில்லையென்றால் டிராக்டர் வேலைக்கு மீறிய கனம், மண்ணைத்தான் இறுக்குகிறது. தாழ்ந்த கியரில் சின்ன என்ஜினே சக்கரத்தை வழுக்கச் செய்துவிடும். வழுக்காமல் பிடிப்பது என்ஜின் அல்ல, சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கிலோக்கள்.

கடைசியில் என் முன்னால் இரண்டு டிராக்டர்கள் இருந்தன. இரண்டும் பழையவை, இரண்டும் 35 குதிரைத்திறன் அளவு, இரண்டுக்கும் நான்கு சக்கர இழுப்பு. ஒன்று 1,800 கிலோ. மற்றது 1,250. இலேசானது கைக்கு அடக்கமாக இருந்தது, மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பியது, லோடரும் அதிலேயே இருந்தது. எடை குறைந்தால் மண் இறுகாது என்று நானே எனக்கு ஒரு வாதமும் தயாரித்துக்கொண்டேன். மண் இறுகுவது உண்மைதான். ஆனால் நான் உழுவது ஒன்றரை ஏக்கர். சுமப்பது 29 மணி நேரம்.

கனமான டிராக்டரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று விற்பவரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். போனதும் பேச்சுக் கொடுத்தபடியே என்ஜின் பக்கம் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. “காலையில் சும்மா ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன் தம்பி” என்றார். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த என்ஜின் சொல்லும் கதையைச் சூடான என்ஜின் சொல்லாது. தேய்ந்துபோன டீசல் என்ஜின் குளிரில்தான் நெடுநேரம் திணறும், அப்போதுதான் புகை விடும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை முதல் நிமிடத்தில் வந்து அடங்கினால் எரியாத டீசல். அடங்காமல் வந்துகொண்டேயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பளு ஏறும்போது வரும் கொஞ்சம் கறுப்புப் புகையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற சோதனைகளை அந்த வயதான மெக்கானிக் எனக்குச் சொல்லித்தந்த வரிசையிலேயே செய்தேன். மணி மீட்டரை நம்பாதே, மிதிகளைப் பார் என்பார் அவர். மீட்டர் 900 மணி காட்டி, கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தால் இரண்டில் ஒன்று பொய். ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து குபுகுபுவென்று காற்று வரக் கூடாது. கியர் பெட்டி ஆயில் பாலும் காப்பியும் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை மெல்ல விட்டால் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. கனமான கருவி ஒன்றைப் பின்னால் தூக்கிவைத்து என்ஜினை நிறுத்திவிட்டு, விற்பவரோடு பத்து நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள். திரும்பிப் பார்க்கும்போது கருவி கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

நான் வாங்கிய இலேசான டிராக்டர் இத்தனையிலும் தேறியது. இன்றும் காலையில் ஒரே திருகலில் எழுந்துகொள்கிறது.

வாங்குவதற்கு முன் செய்த ஒரு காரியத்துக்காக என்னையே பாராட்டிக்கொள்வதுண்டு. அந்த மாடலின் எண்ணைக் குறித்துக்கொண்டுபோய் மூன்று உதிரிப் பாகங்களைக் கேட்டேன்: ஆயில் ஃபில்டர், கிளட்ச் தட்டு, முன் அச்சின் சீல். விலைக்காக அல்ல, எத்தனை நாளில் வரும் என்று தெரிந்துகொள்ள. ஃபில்டர் அங்கேயே இருந்தது. கிளட்ச் தட்டு ஒரு வாரம். முன் அச்சு சீலுக்கு மட்டும் விற்பனையாளர் பட்டியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, “கிடைக்கும்” என்றார். எப்போது என்று சொல்லவில்லை. அந்த சீல் இரண்டாம் ஆண்டில் கசிந்தது. ஆறு வாரம் காத்திருந்தேன். டிராக்டர் நன்றாக இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில், அது நின்றுபோனால் எத்தனை நாள் நிற்கும் என்றும் கேட்டுவிட வேண்டும்.

இனி, அந்தச் சரிவுக்கு வருகிறேன்.

டிராக்டருக்கு நான்கு சக்கரங்கள். ஆனால் அது நிற்பது மூன்று புள்ளிகளில். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் கோத்திருப்பதால், மேடு பள்ளத்துக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் ஆடும். ஆக, உடலைத் தாங்குபவை இரண்டு பின்சக்கரங்களும் முன்னால் நடுவில் இருக்கும் அந்த முளையும்தான். மூன்று கால் முக்காலியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் லோடர் வாளியில் பளு ஏறும்போது முன் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, பின்பக்கம் இலேசாகிறது. பின்சக்கரங்கள் இலேசானால் முக்காலியின் அகன்ற இரண்டு கால்களும் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது நடு முளை. அதன் மேல் டிராக்டர் சரிவின் பக்கம் தாராளமாகச் சாயும்.

என் வாளி கால் கனமீட்டர் கொள்ளும். ஈர மண் ஒரு கனமீட்டர் 1,800 முதல் 2,000 கிலோ வரும். ஆக 450 முதல் 500 கிலோவை, 1,250 கிலோ டிராக்டரின் மூக்குக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறேன். பின்னால் ஒன்றுமே மாட்டவில்லை. காய்ந்த இலைச் சருகை அள்ளியபோதெல்லாம் ஒன்றும் ஆகாததால், வாளி நிறைந்தால் வாளிதானே என்று இருந்துவிட்டேன்.

மருந்தும் எடைதான். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார், இரண்டையும் செய்தேன். முதலாவது, பின் டயர்களில் தண்ணீர். வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிறையும். மீதி காற்று. என்னுடையதில் இரண்டு டயர்களுமாகச் சேர்த்து முந்நூறு கிலோ அளவு ஏறியது. அதுவும் தாழ்வான இடத்தில். உறைபனி விழும் ஊர்களில் வெறும் தண்ணீர் ஆகாது. கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவார்கள். அது கசிந்தால் இரும்பு ரிம்மை அரித்துவிடும் என்பதால் கவனம் வேண்டும்.

இரண்டாவது, ஒரு பழைய 200 லிட்டர் இரும்பு டிரம். அதன் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு தடித்த கம்பி, மேலே டாப் லிங்க் என்ற மேல் இணைப்புத் தண்டை மாட்ட ஒரு காது. இரண்டையும் உள்ளே பற்றவைத்து, டிரம் நிறையக் கான்கிரீட் போட்டோம். 480 கிலோ. லோடர் வேலை என்றால் முதலில் இந்த டிரம்மைப் பின்னால் மாட்டிவிட்டுத்தான் வாளியைத் தொடுவது. சக்கரத்தில் இருக்கும் எடையைவிடப் பின்னால் தொங்கும் எடைக்குப் பலன் கூடுதல். அது பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் முன் அச்சின் பாரத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

சரிவில் வாளியை முழங்காலுக்கு மேல் தூக்குவதில்லை. குறுக்காகப் போவதில்லை, நேராக ஏறுவது, நேராக இறங்குவது. இறங்கும்போது கியரை நடுநிலையில் போடுவதோ கிளட்சை மிதிப்பதோ கிடையாது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். அவை இலேசாகிவிட்டால் பிரேக்கே இல்லை. நான்கு சக்கர இழுப்பைப் போட்டிருந்தால் என்ஜின் முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சரிவான நிலம் உள்ளவர்களுக்கு நான்கு சக்கர இழுப்பு ஏறுவதற்கு என்று நினைக்கிறோம். எனக்கு அது இறங்குவதற்கு. ஆனால் கெட்டியான சாலையில் போகும்போது அதை எடுத்துவிட வேண்டும். முன்சக்கரங்கள் எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சுழலும்படி அமைத்திருப்பார்கள். வழுக்க இடமில்லாத சாலையில் டயரும் பல்சக்கரமும்தான் அந்த வித்தியாசத்தைத் தேய்ந்து ஈடுகட்டும்.

பின்னால் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க். ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பெரிய அளவில் பரவிய அமைப்பு இது. இலேசான டிராக்டரும் நன்றாக உழ முடியும் என்று காட்டியதே இதுதான். கலப்பையை மண் பிடித்து இழுக்கும்போது அந்த விசை இணைப்பின் வழியாகப் பின்சக்கரங்களை அழுத்தும். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழும் ஆபத்தையும் டாப் லிங்க் குறைத்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கருவியை முறையாக மாட்டியிருந்தால் மட்டும். அடிமரத்தையோ கட்டையையோ சங்கிலி போட்டு இழுக்கும்போது சங்கிலியைக் கீழே இருக்கும் இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இருக்கும் உயரத்திலோ பின் அச்சைச் சுற்றியோ கட்டினால், கட்டை அசையாதபோது சக்கரம் நிற்கும், என்ஜின் நிற்காது. டிராக்டர் தன் பின் அச்சைச் சுற்றித் தானே எழும்பிவிடும். கிளட்சுக்குக் கால் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இணைப்பின் அளவைப் பார்க்காமல் நான் ஒரு புல்வெட்டி வாங்கினேன். மலிவாகக் கிடைத்த பழையது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப் பார்த்தால் முளை உள்ளே போகவில்லை. என் டிராக்டர் முதல் வகை. கீழ் முளைக்கு 22 மில்லிமீட்டர் துளை. வெட்டி இரண்டாம் வகை. முளை 28 மில்லிமீட்டர். கீழ்க் கைகளுக்கு நடுவே உள்ள அகலமும் வேறு. சின்ன முளையைப் பெரிய துளைக்குள் நிறுத்த ஒரு வளையம் போதும், எங்கும் கிடைக்கும். பெரிய முளையைச் சின்னத் துளைக்குள் நுழைக்க வளையம் எதுவும் இல்லை. முளைகளை மாற்றிப் பற்றவைத்து வாங்குவதற்குள், புதிய வெட்டியின் விலையில் பாதி போய்விட்டது.

தூக்கும் திறனிலும் இதே போன்ற ஒரு பொடி எழுத்து உண்டு. இணைப்பின் நுனியில் எவ்வளவு தூக்கும் என்பது ஓர் எண். நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் எவ்வளவு தூக்கும் என்பது இன்னோர் எண். கருவிகளின் எடை நுனியில் இருப்பதில்லை, பின்னால்தான் தள்ளி இருக்கிறது. ஆகவே இரண்டாவது, சின்ன எண்தான் நம்முடையது. தூக்க முடிகிறது என்பதாலும் ஆகிவிடாது. தூக்கிய பிறகு, டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் திசைமாற்றி சொன்னபடி கேட்கும்.

பி.டி.ஓ. பற்றி எனக்குப் பாடம் நடத்தியது பக்கத்து நிலத்துக்காரர் இரவல் தந்த மிகப் பழைய டிராக்டர். என்னுடையது வருவதற்கு முன் ஒரு மாதம் அதில்தான் புல் வெட்டினேன். வேலி ஓரம் வந்ததும் கிளட்சை மிதித்தேன். டிராக்டர் நிற்கவில்லை. இன்னும் ஆழமாக மிதித்தேன், அது நிதானமாக முன்னேறிப் போய் வேலிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. விஷயம் இதுதான்: அந்தப் பழைய அமைப்பில் பி.டி.ஓ. தண்டும் சக்கரங்களும் கிளட்சுக்குப் பின்னால் ஒன்றாகவே பிணைந்திருந்தன. கிளட்ச் என்ஜினைத்தான் விலக்கியது. வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த கனத்த வெட்டுத் தகடுகள், தண்டு வழியாகச் சக்கரங்களை ஓட்டிக்கொண்டிருந்தன. அவர் வந்து பார்த்துவிட்டு, “அண்ணன் சொல்ல மறந்துவிட்டேன் தம்பி, கியரையும் எடுத்துவிட வேண்டும்” என்றார். கம்பத்தை நான்தான் நட்டேன்.

இதற்குத் தண்டில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் இணைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் முதல் டிராக்டர் வாங்குபவர், சக்கரம் நின்றாலும் பி.டி.ஓ. ஓடக்கூடிய, அதைத் தனியாக நிறுத்தவும் கூடிய வண்டியையே வாங்குவது நல்லது. வழக்கமான 540 சுழற்சி என்பது நிமிடத்துக்கு. வினாடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. பழைய கருவிகளில் தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் உடைந்தோ காணாமலோ போயிருக்கும். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் ஒரு நாள் கூட ஓட்டவில்லை என்று சொல்ல ஆசைதான். மூன்று நாள் ஓட்டினேன்.

கியரா, மிதியை அழுத்தினால் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்பதில் ஆளுக்கொரு கட்சி. லோடர் வேலையில் முன்னும் பின்னும் போவது நூறு முறை இருக்கும். மிதி வண்டி அதில் சுகம். உழவில் அது கொஞ்சம் திறனைச் சூடாக இழக்கும். நான் எடுத்தது திசைமாற்றிக்குப் பக்கத்திலேயே முன்-பின் லீவர் உள்ள கியர் வண்டி. எனக்கு ஒத்துவந்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பாற்றும் வளைவுச் சட்டம் இல்லாத டிராக்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஸ்வீடன், 1959-இல். வளைவுச் சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. சட்டம் இல்லாத பழைய வண்டியிலோ அதை மடக்கியிருக்கும்போதோ பெல்ட் போடக் கூடாது, வண்டியோடு சேர்த்துக் கட்டிவைத்தாற்போல் ஆகிவிடும். என்னுடையது மடக்கும் சட்டம். கொட்டகை உத்தரம் தாழ்வு என்பதால் உள்ளே விடும்போது மடக்குவேன். வெளியே வந்ததும் நிமிர்த்த வேண்டும் அல்லவா? இரண்டு முளைகளைக் கழற்றி மாட்டும் வேலை, ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடச் சோம்பலில் நான்கு மாதம் மடக்கியபடியே ஓட்டினேன். பின்சக்கரம் எழும்பிய அன்றும் அது மடங்கித்தான் கிடந்தது. அந்த வாரம் முதலில் செய்த காரியம் கொட்டகையின் முன் உத்தரத்தை இரண்டு அடி உயர்த்தியது. டிரம்முக்குக் கான்கிரீட் போட்டது அதற்கு அப்புறம்.

மறுபடி வாங்குவதானால் 30 குதிரைத்திறன் என்ஜினோடு 1,800 கிலோ உள்ள ஒன்றைத் தேடுவேன். ஐந்தடி வெட்டிக்கு அது அரைகுறையாகவே போதும், கொஞ்சம் மெதுவாகப் புல் வெட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை, புல்லுக்கு அவசரம் இல்லை. ஆனால் இருக்கும் வண்டியை விற்கவும் மனமில்லை. தண்ணீரும் டிரம்மும் சேர்ந்து அது இப்போது 2,000 கிலோவைத் தாண்டி நிற்கிறது, நான் வேண்டாம் என்று விட்டுவந்த டிராக்டரைவிடக் கனமாக.

அந்தக் கனத்தோடு ஒரு முறை பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். ஓரத்திலேயே முன்சக்கரம் சேற்றில் பாதி அமிழ்ந்தது. டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னோக்கியே மெல்ல வெளியே வந்தேன். டிரம்மைக் கரைக்கு உருட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த முக்கால் ஏக்கரில் இப்போது கோரை வளர்ந்து நிற்கிறது. வெட்ட வேண்டுமென்றால் அரிவாளோடு நடந்து போகிறேன்.